ஈரத்துணி மூடிய வாளி

மாலதி, குமரன், இது உங்கள் இரண்டு பேருக்கும். ஒருவர் படித்துவிட்டு மற்றவரிடம் சுருக்கிச் சொல்லிவிட வேண்டாம். இரண்டு பேரும் முழுசாகப் படியுங்கள்.

போன வாரம் மாலதி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். அவள் தொழிற்சாலைக்குப் புதிதாக வந்து இறங்கிய வெள்ளை வாளி. மூடியில் காயவைக்கக் கூடாது என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் சிவப்பு எழுத்தில் அச்சடித்திருந்தது. கூடவே குரல் பதிவு. “அப்பா, இது செடி நார்ல செஞ்ச ஜெல்லாம். பிளாஸ்டிக்ல கலந்தா ஸ்ட்ராங்கா ஆவுமாம். ஆனா ஒரே தண்ணி. லேசா காயவச்சா மெஷின் நல்லா ஓடும்லான்னு எங்க ஷிஃப்ட் லீடர் சொல்றாரு. நீங்க என்ன சொல்றீங்க?”

மூடியில் எழுதியிருப்பதைச் செய் என்று பதில் போட்டேன். அவள் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினாள். அது எனக்கு எப்படித் தெரியும் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பத்து வருடமாகச் சொல்லாமல் இருந்து பழகிவிட்டது.

நான் முப்பது வருடத்துக்கு மேல் நின்ற தொழிலுக்கே நீங்கள் இரண்டு பேரும் வந்துவிட்டீர்கள். மாலதி மெஷின் பக்கம், குமரன் தரச் சோதனைப் பக்கம். மெஷினை ஓட்டுவது எப்படி என்று நான் உங்களுக்கு எழுதப்போவதில்லை. அதை உங்கள் கணினித் திரையே சொல்லிவிடும். மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு மனிதன் எப்படிக் கெட்டுப்போகிறான் என்பதைத்தான் எழுதுகிறேன். அந்த மனிதன் உங்கள் அப்பா.

முதலில் ஈரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படிவம் மூன்றோடு படிப்பை விட்டுவிட்டுத் தெப்ராவ் பக்கத்து பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சேர்ந்தேன். முதல் மாதத்திலேயே நைலான் மூட்டையைப் பிரித்து, காயவைக்காமல் அப்படியே மெஷினில் கொட்டிவிட்டேன். வெளியே வந்த சாமான் ஒவ்வொன்றிலும் வெள்ளிக் கோடு, உள்ளே குமிழ். ஒரு ஷிஃப்ட் முழுக்க ஓடியது குப்பைக்குப் போனது. போர்மேன் என்னைத் திட்டவில்லை. குப்பையிலிருந்து ஒரு சாமானை எடுத்துக் கையில் கொடுத்து ஒடிக்கச் சொன்னார். அப்பளம் மாதிரி ஒடிந்தது. “பாசா, மாத்தி,” என்று மலாயில் இரண்டே சொல் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஈரமென்றால் சாவு என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு இருபது வருடம் என் கையால் ஈரச் சரக்கு மெஷினுக்குள் போனதே இல்லை. மூட்டையைத் திறந்ததும் கை விட்டுப் பார்ப்பேன். எந்தச் சரக்கு ஓவனில் எத்தனை மணி நேரம் கிடக்க வேண்டும் என்று பட்டியல் பார்க்காமல் சொல்வேன். என் லைனில் வெள்ளிக் கோடு வந்ததே கிடையாது. அது எனக்குப் பெருமை. இந்தக் கதையில் எல்லாம் கெட்டது அந்தப் பெருமையால்தான்.

டாக்டர் எங்கள் தொழிற்சாலைக்கு வந்தபோது அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது சொச்சம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன். சிகாமட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், நம் ஆள். அலுவலகத்தில் உட்காருகிறவர்களில் தமிழ் பேசவும் படிக்கவும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கு மூன்று வருட ஒப்பந்தம். கொண்டுவந்த வேலை சரியாக வந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு.

அந்த வேலை இதுதான். பெக்கான் நானாஸில் அன்னாசிப் பழத்தை வெட்டிய பிறகு இலையைக் குவித்துப் போட்டுவிடுவார்கள், யாருக்கும் வேண்டாத இலை. டாக்டர் அதை அரைத்து, வெளுத்து, நாராகப் பிரித்து, அந்த நாரையும் பிரித்து, கண்ணுக்கே தெரியாத மெல்லிசாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டார். பார்க்க வெள்ளைக் கஞ்சி மாதிரி இருக்கும். அதை பிளாஸ்டிக்கில் கொஞ்சம் கலந்தால் போதும், கார் கதவின் உள்பலகை எடை குறைந்தும் உறுதியாகவும் வரும் என்றார். கண்ணாடி நார் போடுகிற இடத்தில் அன்னாசி நார்.

ஸ்டோர் பார்த்த ஹலீம் பாய் முதல் வாளியைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். “தம்பி, இது பிளாஸ்டிக்குக்கா, இல்ல ரொட்டியில தடவவா?” டாக்டர் பின்னாலேயே நின்றிருந்தார். “தடவிப் பாருங்க பாய், வவுத்தால போனா எங்கிட்ட வராதீங்க,” என்றார். அன்றிலிருந்து ஹலீம் பாய் அவர் கட்சி.

டாக்டரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு சாயந்திரமும் வீட்டுக்குப் போகுமுன் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து வாளியின் வாயில் போட்டு, அதன் மேல் மூடியை அழுத்துவார். ஜெல்லின் மேல்புறம்கூட ஆடை கட்டக் கூடாதாம். நான் பார்த்துக்கொண்டு நின்றால், “காஞ்சா செத்துடும் அண்ணே,” என்பார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். ஒருவர் ஈரம் சாவு என்றார், இவர் காய்ந்தால் சாவு என்கிறார். போர்மேன் மெஷின் பக்கத்தில் நின்றே வயதானவர். இவர் புத்தகத்தில் படித்தவர். யார் பேச்சை நம்புவது என்று நான் யோசிக்கக்கூட இல்லை.

முதல் சோதனை ஓட்டத்தில் டாக்டர் என் பக்கத்திலேயே நின்று ஜெல்லை ஈரமாகவே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடச் சொன்னார். மெஷினைப் பாதி வேகத்துக்குக் குறைத்து, நீராவி போகிற துளையை அகலத் திறந்துவைத்தோம். அது ரயில் மாதிரி புகை விட்டது. வந்த பலகையில் அங்கங்கே குமிழ், ஓரத்தில் வெள்ளிக் கோடு. சீன மேனேஜர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஆனால் பலகையில் வெட்டிய சோதனைத் துண்டை, உறுதி பார்க்கிற மெஷினில் மாட்டி இழுத்தபோது அது சுலபத்தில் அறவில்லை. டாக்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். குமிழைப் பிறகு சரி பண்ணலாம், நார் பிடித்துவிட்டது, அதுதான் முக்கியம் என்றார்.

எனக்கு அந்த எண் பெரிதாகத் தெரியவில்லை. என் லைனில் வெள்ளிக் கோடு வந்துவிட்டதே என்பதுதான் தெரிந்தது.

அடுத்த சோதனைக்கு சிங்கப்பூரிலிருந்து வாடிக்கையாளர்கள் வருவதாக இருந்தது. வியாழக்கிழமை. அதற்கு முதல் நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, நாளைக்குப் பலகை பார்க்கிற மாதிரி வர வேண்டும், நீ பழைய கை, பார்த்துக்கொள் என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மேல் நான் பழி போட மாட்டேன். ஓவன் கதவைத் திறந்தது என் கைதான்.

புதன் மத்தியானம் டாக்டர் ஜெல்லை எடைபோட்டு என் லைனுக்கு அனுப்பிவிட்டு அலுவலகத்தில் காகித வேலையாக இருந்தார். நான் வாளியைத் திறந்தேன். ஈரத்துணியை எடுத்துக் கைப்பிடியில் போட்டேன். ஜெல்லைத் தட்டுகளில் பரப்பி ஓவனில் வைத்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். அவருக்குத் தெரியாத ஒன்றை நம் அனுபவம் செய்து கொடுக்கட்டும், பலகை பளபளவென்று வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று. சாயந்திரம் தட்டை இழுத்தால் நல்ல வெள்ளை வறுவல் மாதிரி இருந்தது. அரைத்தேன். மாவு மாதிரி ஆனது. கை விட்டுப் பார்த்தேன், ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஹலீம் பாய் அந்தப் பக்கம் வந்தவர் தட்டுகளைப் பார்த்தார். “டாக்டரம்மாவுக்குத் தெரியுமா?” என்றார். தெரியும் என்று சொல்லிவிட்டேன். முதல் பொய் அதுதான். அவ்வளவு லேசாக வந்தது.

வியாழக்கிழமை டாக்டர் விருந்தாளிகளோடு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். மாவு மெஷினுக்குள் தண்ணீர் மாதிரி இறங்கியது. புகை இல்லை, குமிழ் இல்லை. வந்த பலகையில் முகம் பார்க்கலாம். விருந்தாளிகள் தடவித் தடவிப் பார்த்தார்கள். மேனேஜர் என் தோளைத் தட்டினார். டாக்டர் மட்டும் நீராவித் துளையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு துண்டுகளை இழுத்தார்கள். முதல் துண்டு டப்பென்று அறுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்குப் பிறகு விருந்தாளிகளில் ஒருவர் வெறும் பிளாஸ்டிக்கை ஒருமுறை இழுத்துக் காட்டச் சொன்னார். நார் போடாத வெறும் பிளாஸ்டிக் அதைவிட நன்றாகத் தாங்கியது. மேனேஜர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் என்னைப் பார்த்தார்.

எல்லோர் முன்னாலும் தமிழில்தான் கேட்டார். “அண்ணே, ஜெல்ல அப்படியேதானே போட்டீங்க?”

பிள்ளைகளே, அந்த இடத்தில் எனக்கு எவ்வளவு நேரம் இருந்தது என்று பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். அதற்குள் என் மண்டைக்குள் என்னென்ன ஓடியது தெரியுமா? லைன் சூப்பர்வைசர் இடம் காலியாக இருந்தது. நீங்கள் இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தீர்கள். தோளில் மேனேஜர் தட்டிய சூடு இன்னும் ஆறவில்லை. இருபது வருடமாகத் தப்பே பண்ணாதவன் என்று எல்லோரும் சொல்கிற பெயர். எல்லாவற்றையும் நினைத்தேன். எதிரே நிற்கிற பெண்ணின் மூன்று வருடத்தைத் தவிர.

“ஆமா டாக்டர், அப்படியேதான்,” என்றேன்.

மேனேஜர் ஷிஃப்ட் தாளை நீட்டினார். சரக்கு வந்தபடியே போடப்பட்டது என்ற வரிக்கு எதிரே கையெழுத்துப் போட்டேன். தவறைத் தெரியாமல் செய்தேன். இந்தக் கையெழுத்தைத் தெரிந்தே போட்டேன். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து என்னை மன்னித்துவிடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் என்னைச் சோதனை அறைக்குக் கூப்பிட்டார். அறுந்த துண்டின் முனையை மைக்ராஸ்கோப்பில் வைத்திருந்தார். குனிந்து பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக மணல் மாதிரிக் கட்டிகள்.

“தெரியுதா அண்ணே? ஒவ்வொரு கட்டியும் ஆயிரக்கணக்கான நாரு. தண்ணியில இருக்கும்போது தனித்தனியா இருக்கும். காஞ்சா ஒன்ன ஒன்னு புடிச்சிக்கும். அப்புறம் தண்ணியில போட்டாலும் விடாது, மெஷின்ல போட்டு அரைச்சாலும் விடாது. நாரு புடிச்சிக்க வேண்டியது பிளாஸ்டிக்க. இங்க அதுங்களே அதுங்கள புடிச்சிக்கிச்சு. அந்தக் கட்டி இருக்கற எடத்துலதான் அறுந்திருக்கு.”

நான் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. எடுத்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

“ஓவன் தட்டு ஓரத்துல காஞ்சது ஒட்டிக்கிட்டு இருக்கு,” என்றார். “நான் போய் சொல்லப் போறதில்ல. நான் சொன்னா, தோத்துப் போனவ சாக்கு சொல்றான்னுதான் நெனப்பாங்க. நீங்க சொன்னாதான் நிக்கும். ரிப்போர்ட்டு திங்கக்கெழம மத்தியானம் போவுது. இன்னொரு தடவ ஓட்டிக் காட்டறேன்னு கேக்க எனக்கு அது ஒன்னுதான் வழி.”

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு அது சுலபமாக இருந்திருக்கும். அவர் எனக்கு மூன்று நாள் கொடுத்தார். இத்தனை வருடத்தில் மேலதிகாரி ஒருவரும் எனக்கு அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? பொந்தியானுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பும்போது பெக்கான் நானாஸில் அன்னாசித் தோட்டத்து ஓரம் காரை நிறுத்திவிட்டு இறங்கி நின்றேன். அப்பாவுக்கு வயிறு சரியில்லையா என்று மாலதி கேட்டாள். வெட்டிப்போட்ட இலைக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், வேறொன்றுமில்லை. நாளைக்குச் சொல்லிவிடுவது என்று அங்கேதான் முடிவு செய்தேன். முடிவு செய்ததும் மனசு லேசாகிவிட்டது. உங்களுக்கு ஐஸ்கிரீம்கூட வாங்கிக் கொடுத்தேன். சொல்லாமலேயே சொல்லிவிட்ட நிம்மதி வந்துவிட்டது பாருங்கள், அதுதான் ஆபத்து.

திங்கள் காலை மேனேஜர் அறைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே உட்காரச் சொன்னார். சூப்பர்வைசர் இடத்துக்கு உன் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன் என்றார். அந்தச் சோதனையில் நம் பக்கம் தாள் சுத்தமாக இருக்கிறது, நல்ல வேலை என்றார். நான் நன்றி சொன்னேன். எழுந்து வந்துவிட்டேன். தேநீர் நேரத்தில் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு மத்தியானம் என்று நினைத்தேன். மத்தியானம் ரிப்போர்ட் போய்விட்டது. நார் தயாரித்த முறையில் குறை, இந்த வேலையைத் தொடரத் தேவையில்லை என்று எழுதியிருந்தார்களாம்.

புதன்கிழமை சொன்னேன். ஆமாம், சொன்னேன். டாக்டர் தன் மேசையைக் காலிசெய்வதைக் கண்ணாடி வழியாகப் பார்த்த பிறகு நேரே மேனேஜர் அறைக்குப் போய், காயவைத்தது நான் என்றேன். அவர் தலையை நிமிர்த்தக்கூட இல்லை. எனக்குத் தெரியும் என்றார். திங்கட்கிழமை சாயந்திரமே ஹலீம் பாய் வந்து சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கிறார். வாடிக்கையாளர்கள் கண்ணாடி நாருக்கே போய்விட்டார்கள், இனி இதைக் கிளறி யாருக்கு என்ன லாபம், போய் லைனைப் பார் என்றார். என் பதவியைப் பறிக்கவில்லை. சத்தம்கூடப் போடவில்லை. என் உண்மை அவருக்கு ஒரு தொந்தரவாகக்கூட இல்லை.

அதே வேகத்தில் டாக்டரிடம் போனேன். பெட்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“சொல்லிட்டேன் டாக்டர்.”

“எப்போ?”

“இப்பதான்.”

கையில் இருந்த புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்தார். “ரிப்போர்ட்டு திங்கக்கெழமையே போயிடுச்சு அண்ணே,” என்றார். குரலில் கோபம் இல்லை. ஒரு வேலைத் தேதியைச் சொல்வது மாதிரி சொன்னார். பிறகு அடுத்த புத்தகத்தை எடுத்தார்.

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. சிகாமட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார் என்று ஒருவர் சொன்னார். உண்மையா என்று போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கடைசியாக மிஞ்சிய ஒரு வாளி ஜெல் குளிர் அறையில் கிடந்தது. கொஞ்ச நாள் துணியை நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு பூஞ்சை பிடித்தது. கொட்டச் சொன்னார்கள், கொட்டினேன். ஹலீம் பாய் ஓய்வு பெறும்வரை என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. சூப்பர்வைசர் என்றுதான் கூப்பிட்டார். கேலி மாதிரி இருக்கும், கேலி இல்லை.

மாலதி, அந்த வாளி இன்று உன் கைக்கு வந்திருக்கிறது. யாரோ எங்கேயோ செய்து முடித்துவிட்டார்கள். டாக்டர் சொன்னது சரி என்று மூடியில் அச்சடித்தே வந்துவிட்டது. உன் ஷிஃப்ட் லீடர் கெட்டவர் இல்லை. அவர் கையும் என் கை மாதிரிப் பழகின கைதான். அனுபவம் நல்லது. ஆனால் அது தனக்குத் தெரியாத சரக்கிலும் தனக்குத் தெரிந்ததையே பார்க்கும். புதுச் சரக்கு வந்தால் பழைய கையைக் கட்டிக்கொண்டு கேள். கேட்க வெட்கமாக இருந்தால், வெட்கப்பட்டுக்கொண்டே கேள்.

குமரன், நீ கையெழுத்துப் போடுகிற வேலையில் இருக்கிறாய். துண்டு அறுந்தால் நாரை மட்டும் பார்க்காதே. அந்தச் சரக்கு எந்தக் கை வழியாக வந்தது என்று பார். உன்னிடம் ஒருவன் வந்து தப்பு என்னுடையது என்று சொன்னால், அவனை அவமானப்படுத்தாமல் கேட்டுக்கொள். அப்படிக் கேட்கிற ஆள் இருந்தால்தான் சொல்கிறவன் நேரத்தோடு சொல்வான். ரிப்போர்ட் போவதற்கு முன்னால் சொன்ன உண்மையில் ஒரு ஆள் பிழைப்பார். போன பிறகு சொன்னால் சொன்னவன் மட்டும்தான் தூங்குவான். எனக்கு அந்தத் தூக்கமும் வரவில்லை.

போன வருடம் என் கடைசி வேலை நாளில் பிரியாணி வாங்கி வைத்து, ஆளுக்கு ஒன்று பேசி, ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். தப்பே பண்ணாத மனிதர் என்று இப்போதைய மேனேஜர் பேசினார். கை தட்டினார்கள். எல்லோரும் வேலைக்குத் திரும்பிய பிறகு லாக்கர் சாவியைக் கொடுக்கிற சாக்கில் கோப்பு அறைக்குப் போனேன். அங்கே யாரும் இல்லை. பழைய சோதனைக் கோப்புகள் கீழ்த்தட்டில் இருந்தன. அந்தத் தாள் மஞ்சளாகிப் போயிருந்தாலும் என் கையெழுத்து அப்படியே இருந்தது.

அதற்குக் கீழே எழுதினேன். ஜெல்லைக் காயவைத்தது நான், டாக்டர் மேல் தப்பு இல்லை. பெயர் எழுதி, தேதி போட்டு, மறுபடி கையெழுத்துப் போட்டேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தமிழில் எழுதியிருக்கிறேன். அந்த அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இப்போது யாரும் இல்லை. எனக்கு மலாய் நன்றாகவே எழுத வரும். பேனாவும் கையில்தான் இருந்தது.

கோப்பை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.